ஞாயிற்றுக்கிழமைச் சுவரொட்டி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. 1994இல் தச்சநல்லூர்க் கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் சுவரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆட்டுக்கு ஒன்றே ஒன்று இருக்கும் மண்ணீரல். தின்றால் ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் அதற்கு அடிதடி. "வீட்டுக்காரிக்கு ரத்தம் கம்மி அண்ணாச்சி," என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதி என் கைச்சரக்கு.

2

தாமிரபரணி அன்று கரைபுரண்டு... (வேண்டாம். ஆற்றுக்கு இதில் வேலையில்லை.)

அந்த வீட்டுக்காரிக்கு நான் வைத்த பெயர் இன்பமணி. அவளுக்குப் பிறவியிலேயே தலசீமியா, ரத்தம் குறைந்துகொண்டே போகும் நோய். இரண்டு மாதத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். அவள் கணவர் தளவாய், பஸ் கண்டக்டர். ஏற்றும் ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க டெப்போவிலிருந்து ஆள் கூட்டி வருவார். ஒருமுறை அப்படி அவர் ரத்த வங்கியில் நிற்க, டாக்டர் இவளிடம் மட்டும் சொன்னார்.

"ஏத்துற ரத்தத்தாலயே இரும்புச்சத்து சேர்ந்து இதயத்துல படியுதும்மா. சுவரொட்டி, ஈரல், சத்து டானிக் எதையும் இனிமே தொடாதீங்க."

வெளியே தளவாய் காத்திருந்தார். "பைய நட, ஏட்டி. ஞாயித்துக்கெழமைக்குக் கறிக்கடையில சொல்லி வச்சிட்டேன். மொத ஆட்டுச் சுவரொட்டி நமக்குத்தான்." முகமெல்லாம் சிரிப்பு. அவள் தலையாட்டிவிட்டு அவரோடு நடந்தாள்.

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம். உயிர் போகிற விஷயத்தை ஒருத்தி மறைப்பாளா? (பூனைக்குப் போட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். தளவாய் எதிரே உட்கார்ந்து கடைசித் துண்டு வரை பார்ப்பவர். நடக்காது.) பிறகு புரிந்தது. அவளுடைய நோயில் அவர் தன் கையால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆறு ஞாயிறு தின்றாள்.

4

ஏழாவது ஞாயிறு, குடத்தைத் தூக்கியபோது நெஞ்சு படபடத்தது. பயந்துவிட்டாள். மிளகு போட்டு வறுத்ததை அவர் அவள் தட்டில் வைத்ததும் சொன்னாள்.

"இது எனக்கு ஆகாதாம். இதயத்துக்குக் கெடுதல்னு டாக்டர் சொல்லிட்டாரு."

தளவாய் தட்டையே பார்த்தார். பிறகு கேட்டார்: "எப்ப சொன்னாரு?"

'நேத்துதான் போய்க் கேட்டேன்' என்றால் இன்று அவர் தூங்குவார். அடுத்த ஆஸ்பத்திரி நாளில் பொய் உடையும். 'ஆறு வாரமாச்சு' என்றால், தன் கையால் கொடுத்த ஒவ்வொரு ஞாயிறையும் அவர் நினைத்துப் பார்ப்பார். இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு நோயாளியோடு வாழ்ந்த பழக்கமில்லை, உங்களுக்கு இருக்கலாம்.

அவர் இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதிலை நீங்கள் சொல்லுங்கள்.