பிறந்த வீட்டுக்குச் சொன்னது

அன்று காலை ரெட்டிபாளையத்து வீட்டில் இருந்தவர்கள் சிமென்ட் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் உழைத்து ஓய்ந்த ராசாங்கம், அவர் மனைவி இருசம்மாள், மகள் மணிமொழி, ராசாங்கத்தின் சொந்த ஊரான மீன்சுருட்டியிலிருந்து காரில் வந்து வாசலிலேயே நின்ற அண்ணாதுரை. அண்ணாதுரையின் தாய் பொன்னம்மாள் விடியற்காலையில் இறந்திருந்தார். செய்தி ஊர் வாட்ஸப் குழுவில் ஏறி, சிங்கப்பூர் வரை போய், மணிமொழியின் போனுக்கும் வந்துவிட்டது.

பெரம்பலூருக்கு அப்பால் இருந்த அண்ணாதுரையின் தாய்மாமன் வைத்திலிங்கம் மட்டும் கிளம்பவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் பொன்னம்மாளை எடுக்க முடியாது.

"மெசேஜ் பாத்தேன், யாரும் வந்து சொல்லலையேங்கிறாரு. அமாவாசை வூட்டு ஆளு வாசல்ல வந்து நின்னாத்தான் சொன்னதா கணக்காம். நீங்கதான் வரணும், ராசாங்கம்ண்ணே" என்றான் அண்ணாதுரை.

"பேருக்குப் பின்னால அண்ணன் இன்னிக்குத்தான் மொளச்சிருக்கு" என்றாள் இருசம்மாள்.

அமாவாசை, ராசாங்கத்தின் அப்பா. அண்ணாதுரையின் தெருவில் யார் செத்தாலும் ஊர் ஊராக நடந்து போய்ச் சொன்னவர். சொன்ன வீட்டில் உட்காரக் கூடாது, போய் வருகிறேன் என்று சொல்லவும் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை அப்பாவோடு போயிருந்தார் ராசாங்கம். வெயிலில் நின்ற அப்பா பாதங்களை மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்பாவைப் புதைத்த அன்று, இந்த வீட்டிலிருந்து இனி ஒருவரும் சாவு சொல்லப் போவதில்லை என்றார். நாற்பது வருடமாக அந்த வார்த்தை நிற்கிறது. ஆனால் அப்பாவின் சாவுக்கு அந்தத் தெருவிலிருந்து வந்து இவர்கள் வாசலில் நின்றவர் பொன்னம்மாள் ஒருத்திதான்.

எழுந்திருக்கவே பிடிக்காத அலுப்பு உடம்பெல்லாம் கிடந்தது. சட்டையை எடுத்து மாட்டினார்.

"வரேன். முன் சீட்டுல ஒக்காருவேன். எறங்க மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன். செத்தது ஒங்கம்மா. சொல்றது நீ."

கார் போய் நின்றதும் வைத்திலிங்கம் தன் வீட்டு வாசலுக்கு வந்தார். அண்ணாதுரை கைகட்டி நின்று சொன்னான். "அம்மா" என்றதுமே குரல் உடைந்தது. காலையிலிருந்து எல்லோருக்கும் போனில் எழுதித்தான் போட்டிருந்தான். வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை.

கிழவர் அவனைத் தாண்டிக் காரைப் பார்த்தார். "அமாவாசை மவனா அது? எறங்கி வரச் சொல்லு."

"வர மாட்டாருங்க மாமா."

கிழவர் காத்து நின்றார். ராசாங்கம் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. வெகுநேரம் கழித்துக் கிழவர் உள்ளே போய், கோடிச் சேலையோடு வந்து பின் சீட்டில் ஏறினார்.

அரியலூர் தாண்டுவதற்குள் மணிமொழி கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க எழவு சொல்லப் போனீங்கன்னு குரூப்ல போட்டுருக்காங்க. நம்ம ஊரு வழக்கம் இன்னும் மாறலன்னு ஒரே பெருமை. கும்புடுற பொம்மையா வந்து விழுவுது."

பின்னால் கிழவர் மடியில் சேலைப் பை சரசரத்தது.

"எழுதும்மா" என்றார் ராசாங்கம். "ராசாங்கம் சொல்லல. சொன்னது அண்ணாதுரை. ராசாங்கம் வண்டிய வுட்டு எறங்கவே இல்ல."