இடது பக்கம்

நான்காவது முறையாக மகன் பிளேயரின் பின்மூடியைக் கழற்றினான். உள்ளங்கையளவு பாட்டுப் பெட்டி. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அதுதான் அவருக்குப் பேச்சுத்துணை. ஒரு மாதமாக இடது பக்கம் சத்தமே வரவில்லை என்கிறார்.

மகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். முதலில் பிளக், அப்புறம் ஒயர், கடைசியில்தான் மெஷின் என்று போகிறவன். சார்ஜ் ஏற்றினான், அழுக்கெடுத்தான், இயர்போனை மாற்றினான். தன் காதில் வைத்தால் இரண்டு பக்கமும் பாடியது; அப்பா காதில் வைத்தால் ஒரு பக்கம்தான். மெக்கானிக் கையில் ஓடி, வாடிக்கையாளர் வீட்டில் மக்கர் செய்தால் அது லூஸ் காண்டாக்ட். இருபது வருட அனுபவம் வேறெப்படிச் சொல்லும்?

அவன் முக்காலி எப்போதும் கட்டிலின் இடப்பக்கம்தான். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. போன வாரம் அங்கே உட்கார்ந்து, கைவேலையை விடாமல், தாழ்ந்த குரலில் சொன்னான்: "அன்னைக்கு உங்கள வீட்ட விட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். தப்புதாம்ப்பா. மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கன்னம் தலையணையில் அழுந்தக் கிடந்தார். ஒரு 'ம்' கூட வரவில்லை. மனுஷனுக்கு இன்னும் வீம்பு போகவில்லை என்று அவனுக்கு வலித்தது. அதன்பிறகு அவனும் வாயைத் திறக்காமல் ஸ்க்ரூ டிரைவரே கதி என்று இருந்துவிட்டான்.

இன்றும் கோளாறு சிக்கவில்லை. காலையில் வாங்கி வைத்திருந்த புது பிளேயரை எடுத்து அப்பாவுக்கு மாட்டினான்.

"இதுலயும் இடது பக்கம் கேக்கலடா."

"புதுசுலயுமா? நல்லா தலையில கட்டிட்டான் பாருங்க. இருங்க, மாத்திட்டு வர்றேன்."

தண்ணீர்த் தம்ளரோடு நின்ற அக்கா, "இப்பவே போகணுமா? மூச்சு ஒரு மாதிரி இருக்குடா," என்றாள்.

"பத்து நிமிஷம்க்கா."

கடைக்காரர் தன் காதில் மாட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஜம்முனு கேக்குதே. யாருக்குங்க?"

"அப்பாவுக்கு. பழசுலயும் இதே கம்ப்ளைண்ட்தான்."

"ரெண்டுலயும் இடது பக்கமேவா?" கடைக்காரர் பிளேயரைத் திருப்பி நீட்டினார். "டாக்டர்கிட்ட காதக் காட்டினீங்களா?"

அவன் வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. அக்கா.

அவன் வந்தபோது அப்பாவின் கண்களை மூடியிருந்தார்கள். தலையை நேராக வைத்திருந்தார்கள்.

"கஷ்டப்படல," என்றாள் அக்கா. "உன்னத்தான் கேட்டாரு. 'இவன் ஏன் எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான், இன்னும் கோவமா'ன்னாரு."

அவன் பிளேயரை மேஜையில் வைத்தான். முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வந்தான். அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்து, அந்தக் காதருகே குனிந்து, போன வாரம் சொன்னதை முதலிலிருந்து சொன்னான். இந்த முறை கொஞ்சம் சத்தமாக.