கிணற்று மேட்டுப் பேட்டரி

ஜெகதீஸ்வரனை வெளியூருக்குக் கிளப்புவதைவிடக் கிணற்றையே பெயர்த்துக்கொண்டு போவது சுலபம் என்று அவர் மனைவி காளீஸ்வரி நினைத்துக்கொள்வாள். திருச்சுழிக் காட்டுக் கிணறு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறும். ஊறினதும் இறைக்க வேண்டும். வற்றின பிறகும் ஓடினால் மோட்டார் கருகிவிடும். அதனால் எந்த நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"மொளகா நாத்து காயுது. கெணத்த யாரு பாப்பா?"

இந்த முறை அது செல்லாது. வெள்ளிக்கிழமை பந்தல்குடியில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது?

"நீங்க வரலைன்னா உங்க தங்கச்சி ஆயுசுக்கும் நம்ம வாசல மிதிக்க மாட்டா" என்றாள் காளீஸ்வரி.

அருப்புக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் முகம்மது அனீஸ், ஜெகதீஸ்வரனோடு பள்ளியில் படித்தவர். அவர்தான் வழி செய்தார். மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்த ஏற்கெனவே வசதி உண்டு. தண்ணீர் மட்டம் தெரிந்தால் போதும். சோப்பு டப்பா அளவு பெட்டி, உள்ளே ஒரு சின்ன போர்டு, பழைய லேப்டாப்பில் கழற்றிய பேட்டரி, தண்ணீரை அளக்கக் கிணற்றுக்குள் இறங்கும் ஒரு ஒயர். கிணற்று மேட்டில் வைத்தால், பக்கத்திலேயே இருக்கும் வீட்டு வைஃபை வழியாகப் போனுக்குத் தகவல் வரும்.

"அப்பப்ப முழிக்கும், எத்தன அடின்னு சொல்லும், திரும்பத் தூங்கிரும். பேட்டரி மாசக்கணக்குல தாங்கும்" என்றார் அனீஸ்.

இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. மாற்றிய பேட்டரியும் படுத்தது. தகவலும் ஒன்று வந்தால் இரண்டு வராது.

"ஏலே அனீசு, செத்த பேட்டரியாப் பாத்து என் தலையில கட்டுறியா?"

"நீதாம்லே அதத் தூங்கவிடாமத் தட்டி எழுப்புற!"

வியாழக்கிழமை அனீஸ் நேரிலேயே வந்துவிட்டார். காளீஸ்வரியும் கூடப் போனாள். கிணற்று மேட்டில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, மூடி போட்டபடி பளபளத்தது. கல்யாணத்துக்கு அவள் அண்ணன் பெயர் வெட்டிக் கொடுத்த வாளி. ஒரு வாரமாக வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தப் பெட்டி. ஒயர் போக அடியில் ஓட்டை.

"மயிலு கொத்துச்சு... அதான் நல்ல கனமான பாத்திரமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார் ஜெகதீஸ்வரன்.

"ஓட்டையும் மயிலுதான் போட்டுச்சா?"

அவர் வானத்தைப் பார்த்தார்.

அனீஸ் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "எவர்சில்வருக்குள்ள கெடந்து கத்துனா வீட்டுக்கு எப்பிடிலே கேக்கும்? பதில் வார வரைக்கும் தூங்காமக் கத்திக்கிட்டே கெடந்திருக்கு. பேட்டரி தீராம என்ன செய்யும்? தங்கச்சி, நல்ல வேள, ஒன் புருசன் இத பீரோவுல வச்சுப் பூட்டல!"

வேறு பேட்டரி போட்டு, பெட்டியின் மேல் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்தார்கள். மறுநாள் காலைவரை தகவல் தவறவில்லை. ஜெகதீஸ்வரனிடம் சாக்கும் இல்லை.

பந்தல்குடியில் ஆசாரி ஊசியை எடுத்த நேரம் பார்த்து, சட்டைப்பையில் போன் கூவியது. ஜெகதீஸ்வரனின் ஒரு கை தானாக அங்கே போனது.

"புள்ளையப் பிடிங்க!" என்று காளீஸ்வரி போனை உருவிக்கொண்டாள். தண்ணீர் நல்ல மட்டம். மோட்டாரைப் போட்டாள்.

"எத்தன அடி?"

"ஒம்பது. நாத்துக்குப் பாயுது. நீங்க புள்ளையப் பாருங்க."

பிள்ளை வீறிட்டது. காது குத்தியாகிவிட்டது. மாமனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"நீங்க எதுக்குங்க அழுவுறீக?"

"கடிச்சுப்புட்டாடி" என்று கையை உதறினார்.