இரண்டாவது சிப்பாய்

...வைத்துவிட்டாள், ஐயோ, வைத்தே விட்டாள், எதிராளியிடமிருந்து பிடித்த சிப்பாயைத் தன் காயாகப் பலகையில் இறக்க வேறு இடமா கிடைக்கவில்லை, அதே கோட்டில் கீழே அவளுடைய இன்னொரு சிப்பாய் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, ஒரே நெடுக்குக் கோட்டில் தன் சிப்பாய் இரண்டு நிற்கக் கூடாது, நின்றால் அந்தக் கணமே தோல்வி, ஷோகி, அதாவது எங்கள் ஜப்பான் சதுரங்கம், பழக வரும் குழந்தைக்கு முதல் நாளே சொல்லித்தருகிற விதி... சிஸுரு, என் கண்ணே, ஒன்பது வயதாகிறது உனக்கு, இத்தனை நேரம் அழகாக ஆடி எதிராளியின் ராஜாவை மூலையில் மடக்கிவிட்டுக் கடைசியில் இப்படியா? கத்தவும் முடியாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெற்றோர் வாயே திறக்கக் கூடாது. காலுறையில் ஓட்டை வேறு, பெருவிரல் பாயில் குறுகுறுக்கிறது... ஆனால் எதிரே இருக்கும் கோஹெய் கவனிக்கவில்லை போலிருக்கிறதே? இரண்டாம் வகுப்புப் பொடியன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் ராஜாவையே பார்க்கிறான், போச்சு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. அங்கேயே பார்டா ராசா, இந்தப் பக்கம் திரும்பாதே... இதை ஜெயித்தால் மாகாண இறுதிப் போட்டி, இரண்டு வருஷமாக என் மகள் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

போன வருஷமும் இதே கூடம்தான். தோற்றவரே "தோத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக் குனிய வேண்டும், ஜெயித்தவர் சொல்லக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம், அந்த ஒரு சொல் இவளுக்கு வரவில்லை, இருபது நிமிஷம் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எதிரில் இருந்த குழந்தை பாவம் காத்துக்கொண்டே இருந்தது, கடைசியில் பலகையைத் தட்டிவிட்டாளே பார்க்கலாம், காய்கள் பாயெங்கும் சிதற, இவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "நீங்க வீட்ல வேணும்னே தோத்துத் தோத்துதான் இவ இப்படி ஆயிட்டா," என்றாள் என் மனைவி சயோகோ. உண்மைதான், என்ன செய்ய, அவள் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது. அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை ஷோகி வகுப்பில் சேர்த்தோம். அங்கே தோற்ற பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும், இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கி, எங்கே சறுக்கியது என்று தேட வேண்டும், ஜெயித்தவர் காட்டித்தர வேண்டும், தோற்றவர் நன்றி சொல்ல வேண்டும். முதல் மாதம் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். பனி கொட்டத் தொடங்கியபோது ஒரு நாள், "அட, இங்கயா கோட்டை விட்டேன்?" என்று சிரித்தாள், எனக்கு நம்பவே முடியவில்லை.

இதோ கோஹெய் கையை முழங்காலில் வைக்கிறான், முதுகை நிமிர்த்துகிறான், குனியப் போகிறான்... குனிந்துவிடு, சீக்கிரம், நீ தோல்வியைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் அதை மாற்ற முடியாது... அப்போதுதான் சிஸுருவின் காது சிவந்தது. பார்த்துவிட்டாள். எனக்குத் தெரியும், மேலேயும் கீழேயும் அவள் கண் ஒரு தரம் போய் வந்தது, உதடு கோணியது. சொல்லாதே, ஒரே ஒரு நிமிஷம் சும்மா இரு, என்ன குடி முழுகிவிடும்? அவள் இரண்டு கையையும் பாயில் ஊன்றிக் குனிந்தாள். "தோத்துட்டேன்." கூடத்துக்கே கேட்டது.

"என்னக்கா சொல்றீங்க? நான்தானே தோத்தேன்?"

"இங்க பாரு. ரெண்டு சிப்பாய்."

"ஐயய்யோ, ஆமா! நான் பாக்கவே இல்லையே!"

"மக்கு, ராஜாவையே பாத்துட்டிருந்தா? கோட்டையும் பாக்கணும்டா." சொல்லும்போதே ஒரு சொட்டு பலகையில் விழுந்தது, சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டு, "சரி, அடுக்கு, எங்கேர்ந்து அவசரப்பட்டேன்னு பாப்போம்," என்றாள். யார் பெற்ற பிள்ளை இவள்? என்னிடமிருந்து வந்த குணமில்லை, சத்தியமாக இல்லை, இப்படி ஒரு மனுஷியைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிடலாம், சின்னவள் என்றால் என்ன.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தோம். பாதி தின்ற பிறகு, "அப்பா, நான் தப்பா வெச்சதை நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. அங்கேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியல." எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பதில்!

"அப்போ நான் மட்டும்தான் பாத்தேன்," என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டு மறுபடி கடித்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமை போய்விடும், அவளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... அவளுக்காகத்தானா?