இறக்கிக் கொடுத்த தகடுகள்

கடப்பாரைச் சத்தம் மறுபடி நின்றுபோயிற்று. துக்கம் காக்கும் விதவையின் வழக்கப்படி, தரையில் விரித்த மெத்தையில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த மோசிடி, அது மீண்டும் தொடங்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கணவனுக்குக் குழி வெட்ட ஊரில் மிஞ்சியிருந்தவர்கள் நாலைந்து கிழவர்கள்தான். மழை காணாத மண் பாறையாக இறுகிக் கிடந்தது.

மொரபாங்கில் இனிக் கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து ஊர் பாதியாகிவிட்டது. போனவர்களை லாரியில் ஏற்றி, பொட்டல்வெளித் தகரக் குடிசைகளில் இறக்கிவிட்டார்கள். மிச்சப் பேரைச் சேர்த்து ஊர்க் குழு நடத்தியவன் அவள் கணவன் ஒராபிலே. பள்ளிக்கூடத்தை இடித்தபோதும் குழாய்க்கிணற்றைப் பிடுங்கியபோதும் அசையாதவனை மூச்சிரைப்பு கொண்டுபோய்விட்டது. பிணத்தையும் பொட்டல்வெளியில்தான் புதைக்க வேண்டும் என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது.

வெயிலில் சிவந்த முகத்தோடு ஜில் உள்ளே வந்தாள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வாராவாரம் வந்து, குழுவுக்காக வக்கீலிடமும் கோர்ட்டுக்கும் அலைகிற வெள்ளைக்காரி. ஊருக்கு அவள் மா ஜில், ஜில் அம்மா.

"கோர்ட்டு உத்தரவு கெடச்சிருச்சு, மோசிடி. இங்கயே பொதைக்கலாம். போலீஸ் ரோட்டுல நிப்பாங்க. உள்ள வரமாட்டாங்க."

மோசிடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"உன்னைப் பட்டினி போட்டேன்னு தெரிஞ்சா அவரு எந்திரிச்சு வந்து திட்டுவாரு. பானையில சோளக்களி இருக்கு. போட்டுக்க."

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. ஜில் ஜன்னலுக்கு ஓடினாள்.

"இடிக்க வர்றாங்களா?" என்றாள் மோசிடி.

"இல்ல... மாடு ஏத்துற லாரி. ஆளுங்க எறங்குறாங்க. கையில மண்வெட்டி வச்சிருக்காங்க."

கதவருகே வந்து நின்றவள் பைலே, மோசிடியின் தங்கை. பைலே லாரி ஏறிய அன்று, ஊரை வித்துட்டுப் போறவ என்று மோசிடி தெருவில் வைத்துக் கத்தியிருந்தாள். அதன் பிறகு இருவரும் பேசியதில்லை.

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. அத்தான் செத்துட்டாருன்னு கேட்டதும் அங்க எல்லாரும் கெளம்பிட்டாங்க."

"உயிரோட இருந்தப்ப ஒருத்தர் வரல."

பைலே வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டை இடிச்ச அன்னிக்கு அத்தான் என்ன செஞ்சாருன்னு உனக்குத் தெரியாதா அக்கா?"

"எப்படித் தெரியும்? நான் கதவைச் சாத்திட்டு உள்ள கெடந்தேன்."

"புல்டோசருக்கு முன்னாடி நின்னாரு. 'போறவங்க போகட்டும். ஆனா கூரைத் தகடு அவங்க காசுல வாங்கினது. நசுங்காம எறக்கிக் குடுத்துட்டு அப்புறம் இடி'ன்னாரு. ஒரு வீடு விடல. பக்கத்துல மா ஜில் நின்னு சட்டத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தா. கவர்மென்ட் குடுத்த தகரப் பெட்டிக்குள்ள புள்ளைங்க வெந்துபோவும் அக்கா. அவரு எறக்கிக் குடுத்த தகட்டுலதான் வெளிய நெழலுக்குச் சாய்ப்பு போட்டிருக்கோம். அதுக்கடியிலதான் பொழப்பே."

மோசிடி ஜில்லைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன் சொல்லல?"

ஜில் தட்டைக் கீழே வைத்தாள். "அவருதான் வேணாம்னாரு. 'என் பொண்டாட்டிக்குக் கோவம் ஆறட்டும். நானே சொல்லிக்கிறேன்'னாரு."

வெளியே கடப்பாரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. யாரோ பாட்டெடுத்தார்கள், ஆண்குரல்கள் கூடிக்கொண்டன. மோசிடி மெத்தையில் சற்று நகர்ந்தாள்.

"இப்படி உக்காரு. தரை சில்லுன்னு இருக்கு."

பிற்பகலில் ஒராபிலேயை அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மண் தள்ள முறை போட்டுக்கொண்டு நின்றார்கள். மண்வெட்டி ஒரு கையில் நிற்கவில்லை. திரும்பி வந்து வாசல் தொட்டியில் கை கழுவும்போது, மோசிடி ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தலையசைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் ஏறவில்லை. தெரு நெடுகிலும் இடிந்து கிடந்த வீடுகளுக்குள் அவரவர் போய் நின்றிருந்தார்கள். பைலேயின் புருஷன் தன் வீட்டு அடுப்படித் தரையில் குந்தி, முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மறுபடி ஹாரன் கேட்டது.

"அந்த டிரைவரையும் எறங்கச் சொல்லு," என்றாள் மோசிடி தங்கையிடம். "டீ போடுறேன்."