துண்டுக்கடியில் ஒரு நம்பர்

என் அக்கா சீனியம்மாளின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை எங்கோ தூரத்து லேபுக்கு அனுப்பி மூன்று வாரமாகியிருந்தது. அதற்குள் மச்சான் நல்லகாமன் இளைத்த இளைப்பைப் பார்த்து, ஆபரேஷன் இவருக்குத்தான் என்று பேரையூரில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஆப்பிளே வாங்கி வந்துவிட்டார்கள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் ரோகிணி விஷயத்தை முன்பே விளக்கியிருந்தார். கட்டிக்குள் இருக்கும் ஜீன்களில் எது துள்ளுகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு நம்பர் போடுவார்களாம். பூஜ்யத்திலிருந்து நூறு வரை. நம்பர் கூடினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். அக்காவின் வயசுக்கும் வந்த நோயின் வகைக்கும் இருபத்தஞ்சைத் தாண்டினால் கீமோ ஊசி. தாண்டாவிட்டால் மாத்திரையே போதும்.

"ஊசின்னு வாயத் தொறந்தாங்கன்னா நான் பஸ் ஏறிருவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். சித்தி மகள் கீமோவில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள். சொன்னால் செய்கிறவளும்கூட. மச்சானுக்கு அதுதான் கிலி. கெட்ட நம்பர் நேரே அவள் காதில் விழுந்தால் பிறகு ஆளைப் பிடிக்க முடியாது. தனக்கு முதலில் தெரிந்தால் பையப் பைய மனசைத் திருப்பலாம் என்பது அவர் கணக்கு. மாட்டுத் தரகர் அவர். சந்தையில் எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளையும் பேசிச் சரிக்கட்டுவார்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் மச்சான் ஆரம்பித்தார்.

"சீனி, நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

"நீங்க போயிக் குடிங்க. கட்டி என்னுது."

"மாப்ள, நீயாச்சும் சொல்லேன்" என்று என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

உடனே சந்தையில் மாட்டுக்கு ரகசியமாக விரல் பிடித்து விலை பேசுகிற மாதிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையில் போர்த்தி மேஜைமேல் நீட்டினார். "டாக்டரம்மா, வாயால சொல்ல வேணாம். கைய உள்ள விடுங்க. மொதல்ல எத்தன விரலப் பிடிக்கிறீகளோ அது பத்து. அடுத்தாப்ல பிடிக்கிறது ஒண்ணு."

டாக்டர் திகைத்தார். "ஐயா, ரிசல்ட்ட அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"அவருக்கே சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா. "மனுசன் மூணு வாரமாத் தூங்கல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் துண்டுக்குள் விட்டார். துண்டு ஒரு தடவை அசைந்தது. மறுபடி அசைந்தது. மச்சான் முகம் எப்போதும்போல் மூடின கடை.

டாக்டர் கையை இழுக்கப் பார்த்தார். மச்சான் விடவில்லை. இந்தத் தடவை துண்டு அவர் பக்கமிருந்து துள்ளியது.

"இல்லைங்க, நான் சொன்னது அது இல்ல" என்று டாக்டர் மறுபடி அழுத்தினார்.

மச்சான் தலையை ஆட்டினார். மறுபடி துள்ளல். "கொஞ்சம் பாத்துப் போடுங்க டாக்டரம்மா. தூரத்திலருந்து வாரோம்."

"ஐயா, இது லேப்ல வந்தது! குறைக்கல்லாம் முடியாது!"

"ஒரு மூணு மட்டும்..."

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊசி இல்லதான டாக்டரம்மா?"

"எப்பிடிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"வெல கட்டாதுன்னா இவரு துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு நடந்துருவாரு. நின்னு கொறச்சுக் கேக்குறாருன்னா, மாடு பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

"பதினாலும்மா" என்றார் டாக்டர். "கீமோ வேணாம். தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷம். ஆனா ஒண்ணு, திரும்ப வரவே வராதுன்னு கேரண்டி குடுக்க மாட்டேன். செக்கப்புக்கு வந்துக்கிட்டே இருக்கணும்."

"கேரண்டி குடுக்குற மாட்ட இவரே வாங்க மாட்டாரு. நீங்க மாத்திரைய எழுதுங்க."

"எழுதுறேன். மொதல்ல என் கைய விடச் சொல்லுங்க."

அப்போதுதான் பார்த்தோம். மச்சான் டாக்டரின் விரல்களை இன்னும் பிடித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் லேசாகக் குலுங்கியது.

அக்கா எழுந்து துண்டை உருவி அவர் முகத்தைத் துடைத்தாள்.

"மூக்கச் சிந்துங்க" என்றாள். "எந்திரிங்க, பசிக்குது."