பன்னிரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள்

செவிலிமேட்டில் ஆராவமுதன் வீட்டில் ஓடாத, குதிக்காத, நீந்தாத ஆள் அவர் ஒருவர்தான். மனைவி மரகதவல்லி பள்ளியில் பி.டி. டீச்சர், வாலிபால் கோச். மகள் மானஸாவுக்கு பேட்மின்டன், மகன் ஸ்ரீவர்தனுக்கு நீச்சல். மூன்று பேரும் மூன்று நேரத்தில் வீடு திரும்புவார்கள். செருப்பைக் கழற்றும்போதே மூன்று பேருக்கும் பசிக்கும். ராத்திரி சாப்பாடு ஆராவமுதன் பொறுப்பு என்பதால் ஆபீஸிலிருந்து வந்தால் கரண்டியைக் கீழே வைக்க நேரமிருக்காது.

ஒருநாள் ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மாதம் முழுக்கச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலாட்டல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"நம்மாத்து ஃப்ரீசர்ல அவ்வளவு இடம் ஏது?" என்றாள் மரகதவல்லி.

"அதை நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஞாயிறு மூவரும் ஆளுக்கொரு போட்டிக்குப் போய்விட்டார்கள். ஆராவமுதன் விடியற்காலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டினார். பூசணிக்காய்க் கூட்டு, வத்தக்குழம்பு, ராஜ்மா, கீரை மசியல். மத்தியானத்துக்குள் பதினெட்டு டப்பா நிரம்பியது. எல்லாம் மச்சினன் கல்யாணத்தில் மிஞ்சிய காலி பட்டர்ஸ்காட்ச் டப்பாக்கள்.

ஃப்ரீசர் ஆறு டப்பாவோடு நின்றுவிட்டது. ஏழாவதைத் திணித்தால் கதவு மூடவில்லை. மிச்சம் பன்னிரண்டையும் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடை முனுசாமியிடம் போனார்.

"ஐஸ்கிரீம் பெட்டியில கூட்டு வெக்கிறது நல்லா இருக்குமா சார்?" என்று முனுசாமி தயங்கினான்.

"ஓரமா வைப்பா. தினம் ஒண்ணா எடுத்துண்டு போயிடறேன்."

மரகதவல்லியிடம் இதை அவர் சொல்லவில்லை. சொன்னால், இடமில்லை என்று அவள் சொன்னது சரியாகிவிடும். முனுசாமியும் தன் மனைவி கலையரசியிடம் சொல்லவில்லை. அவன் வெறுமனே மறந்துபோனான்.

செவ்வாய்க்கிழமை முனுசாமி மாகறலில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். கடையில் கலையரசி இருந்தாள். அன்று சாயங்காலம் மரகதவல்லியிடமிருந்து போன் வந்தது.

"ஏன்னா, ஜெயிச்சுட்டோம். பேப்பர் கப் எடுத்துண்டு கிரவுண்டுக்கு வாங்கோ. நம்ம தெருமுனையிலேயே பொண்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிண்டு வந்திருக்கேன்."

தெருமுனை என்றதை ஆராவமுதன் காதில் வாங்கவில்லை. சந்தோஷமாகப் பேப்பர் கப்புகளோடு போனார். பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு பட்டர்ஸ்காட்ச் டப்பா.

"கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு," என்று மரகதவல்லி கரண்டியால் குத்திப் பெயர்த்து முதல் கப்பை கேப்டன் ஜனனியிடம் கொடுத்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. ஜனனி ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"மிஸ், இதுல கறிவேப்பிலை இருக்குது."

ஆராவமுதன் கப்புக்குள் எட்டிப் பார்த்தார். அந்தக் கறிவேப்பிலையை அவர்தான் கிள்ளிப் போட்டார்.

மரகதவல்லி ஒரு துளி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். அப்படியே கணவரிடம் திரும்பினாள்.

"உப்பு கம்மி. எங்க வெச்சிருந்தேள்?"

அவர் சொன்னார். பெண்கள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. ஜனனி மட்டும் இரண்டாவது வாய் எடுத்து, "சூடு பண்ணா நல்லா இருக்கும்பா," என்றாள்.

அத்தனை பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கடையில் இருந்த டப்பாக்களும் வந்து சேர்ந்தன. குக்கரில் சாதம் ஏறியது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை, அதனால் ஒவ்வொன்றையும் திறக்குமுன் பெண்கள் பந்தயம் கட்டினார்கள். ராஜ்மா வந்தபோது கைதட்டினார்கள். வத்தக்குழம்பை மூன்று பேர் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்கள். ஸ்ரீவர்தனும் மானஸாவும் வந்தபோது தட்டு மிச்சமில்லை. குக்கர் மூடியில் போட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு மாதச் சமையல் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது.

ஆராவமுதன் கால் கடுக்க நின்று பரிமாறினார். ஒரு தரம்கூட உட்காரவில்லை. ஆனால் 'இன்னும் கொஞ்சம் போடுங்க சார்' என்று யார் சொன்னாலும் அவர் முகம் மலர்ந்தது.

கைகழுவிய பிறகு ஜனனி மெதுவாக ஆரம்பித்தாள். "மிஸ், அந்த ஐஸ்கிரீம்..."

ஆராவமுதன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். கலையரசி இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். அவர் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தொறந்து, நக்கிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்க சார்."

நாலு வாடிக்கையாளர் பார்க்க, ஆராவமுதன் இரண்டையும் நக்கிப் பார்த்தார்.